பதினான்கு மில்லிமீட்டர்

பழவந்தாங்கல் தண்டவாளத்தின் ஓரம்
ஜல்லிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நின்ற நுணாவை
விடியுமுன் தோண்டினேன்.
ரயில்வேயின் அனுமதிக் கடிதம் பையில்.
காவலர் வந்து, "என்னம்மா, புதையலா?"
வேர், சார்.
வேரா, என்று கொஞ்சம் யோசித்துவிட்டு
டார்ச்சைக் குழிக்குள் பிடித்துக்கொண்டு நின்றார்.
பட்டை கீறிய இடத்தில்
மண்ணுக்குள் ஒரு மஞ்சள்.

அது நமக்காக இல்லை.
இதை இங்கேயே எழுதிவிட வேண்டும்,
ஆய்வறிக்கையில் இதற்குப் பத்தி கிடையாது.
ஓட முடியாத ஒன்று
நின்ற இடத்திலேயே காய்ச்சிய கசப்பு.
ஐப்பசியில் தண்ணீர் ஏறி
மண்ணெல்லாம் பூஞ்சை நூல் நூற்கும்போது
தன் தோலுக்கு அடியில் பூட்டி வைத்த சரக்கு.

பதினோரு நாள் நிழலில் உலர்த்தினேன்.
அரைத்துச் சலித்து இருநூறு கிராம்.
மெத்தனாலில் இரவெல்லாம் கொதித்து இறங்கி
கடைசியில் குடுவையின் அடியில்
வேலம்பிசின் மாதிரி
மூன்றரை கிராம்.

முதலில் பூஞ்சை.
டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வரை நடந்தபோது
என் கால்விரல் இடுக்கில் குடியேறியதே,
அதற்கு ஒன்றுவிட்ட உறவு.
தட்டு முழுக்கப் பால் ஆடை போலப் படர்ந்திருந்தது,
நான் வைத்த பொட்டைச் சுற்றி மட்டும்
எதுவும் வளராத வட்டம்.
ஸ்கேல் வைத்தேன். பதினான்கு மில்லிமீட்டர்.
அன்று கிண்டி கேன்டீனில் எல்லோருக்கும் காபி என் கணக்கு.

அடுத்து மார்பகப் புற்றணுக்கள்.
வேறொரு நாட்டில்
ஐம்பது வருஷத்துக்கு முன்பு இறந்துபோன
கன்னியாஸ்திரீ ஒருவரின் உடலிலிருந்து வந்தவை,
இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன என்றேன்.
தரை துடைத்துக்கொண்டிருந்த காணிக்கைமேரி அக்கா
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
இன்குபேட்டர் கதவுக்கு நேரே சிலுவை போட்டுக்கொண்டார்.
"சிஸ்டர் பேரு என்ன?"
எனக்கு ஒரு எண்தான் தெரிந்திருந்தது.

உயிருள்ளவை ஊதாவாகும், அதுதான் சோதனை.
குழிக்குக் குழி ஊதா வெளுத்துக்கொண்டே போய்
எட்டாவதில் வெறும் தண்ணீர் நிறம்.
கை தட்டினேன். தனியாகத்தான் இருந்தேன்.
பிறகு பக்கத்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
அதில் இருந்தவை நல்ல செல்கள், நோயில்லாதவை.
அங்கும் அதே எட்டாவது குழி,
அதே தண்ணீர்.

"ஆசிட் ஊத்தினாலும்தான் சாகும்மா"
என்றார் செல்வநாயகம் சார்,
கண்ணாடியைக் கழற்றாமலே.

சாயங்காலம் அக்கா மெதுவாக வந்து நின்றார்.
நாத்தனாராம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. மூணாவது ஊசி ஏறியிருக்கிறது.
"ஒரு சிட்டிகை போதும் பாப்பா.
மிச்சத்தை ஃப்ரீசர்லதானே வைக்கப் போறீங்க?"
தட்டில் கொல்வது வேறு அக்கா என்றேன்,
உடம்பில் எது எதைக் கொல்லும் என்று
எங்களுக்கே தெரியாது என்றேன்.
ஈரல் என்றேன். சிறுநீரகம் என்றேன்.
தலையாட்டினார்.
பினாயில் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பழவந்தாங்கலில் இறங்கினேன்,
வெட்டிய இடத்தில் துளிர் வந்திருக்கிறதா என்று பார்க்க.
வந்திருந்தது.
என் குழிக்கு எதிர்ப்புறம்
இன்னொரு குழி இருந்தது.
சின்னது. கரண்டியால் தோண்டியது போல.

திங்கள் காலை
அக்காவின் நகக்கண்ணில் மஞ்சள்.
என்னுடையதிலும் இன்னும் போகவில்லை.
கேட்டேன், "குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல," என்றார்.
"காய வச்சிருக்கேன்.
நிழல்லதான்."

எந்தக் கிழமை வைத்தீர்கள் என்று கேட்டு
விரல் விட்டு எண்ணினேன்.
பதினோரு நாளில் இன்னும் ஐந்து இருந்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்காருங்க அக்கா என்றேன்.